முதலில் நிழலைக் கட்டுங்கள்: குமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஹோட்டல் எப்படி எழும்புகிறது

என் சித்தி மகன், எனக்கு அண்ணன், போன வருஷம் ஒரு பிளானைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முட்டம் பக்கத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. கடலை ஒட்டி அல்ல. ரோட்டுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் மேட்டில். அதில் பூட்டிக் ஹோட்டல் கட்டப் போவதாகச் சொன்னார்.

"பன்னிரண்டு ரூம் மக்கா. மேக்கால முழுசும் கண்ணாடி. கடலப் பாக்கத்தான ஆளு வருவான்?"

பிளானைத் தரையில் விரித்தேன். நடுவே ஒரு நீள நடை, அதற்கு இருபுறமும் ஆறாறு அறைகள். மேலே தட்டையான கான்கிரீட், நம் ஊர்ப் பேச்சில் தட்டட்டி. மேற்குப் பக்கம் தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி. படம் வரைந்தவர் திறமையானவர்தான். கோடுகள் அவ்வளவு சுத்தம். ஆனால் அந்தக் கட்டிடத்தை ஓசூரில் வைக்கலாம், கோயம்புத்தூரில் வைக்கலாம், துபாயில் கூட வைக்கலாம். முட்டத்தில் வைக்க அதில் ஒரு காரணமும் இல்லை.

தக்கலையில் இருபது வருஷமாகக் கட்டிட வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறேன். அன்று இரவு அண்ணனிடம் சொன்னவற்றை, கட்டிடக்கலை படிக்காத யாருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன். ஹோட்டல் கட்டாதவர்களுக்கும் இது பயன்படும். சொந்த வீட்டுக்கும் இதே வெயில்தான், இதே மழைதான்.

பூட்டிக் என்ற சொல்

பூட்டிக் என்றால் பிரெஞ்சில் சின்னக் கடை. நாகர்கோவில் துணிக்கடைப் பலகைகளிலேயே அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் சேலையை அடுக்கி வைக்காமல், கடைக்காரர் தானே பொறுக்கியெடுத்த ஐம்பதை மட்டும் வைத்திருக்கும் கடை. 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஹோட்டல் திறந்தபோது இந்தச் சொல் ஹோட்டலுக்கும் ஒட்டிக்கொண்டு பரவியது. அதற்கு முன்பு பெரிய ஹோட்டல் கம்பெனிகள் விற்றது ஒரே மாதிரித்தனத்தை: எந்த ஊரில் கதவைத் திறந்தாலும் அதே மெத்தை, அதே திரைச்சீலை, அதே குளிர். பூட்டிக் ஹோட்டல் விற்பது இதற்கு நேர்மாறானது. இந்த அறை இந்த ஊரில் மட்டும்தான் கிடைக்கும் என்பதுதான் அதன் சரக்கு. அறைகள் குறைவு, நம் பக்கம் பத்து, இருபது இருந்தாலே அதிகம்.

அந்த "இந்த ஊரில் மட்டும்" எங்கிருந்து வரும்? வாசலில் உருளி வைத்து அதில் அரளிப்பூ மிதக்க விட்டால் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உருளி அழகுதான், நானும் வைப்பேன். ஆனால் அது கடைசி நாள் வேலை. ஊரின் தன்மை முதலில் இருப்பது அதன் வெயிலிலும் மழையிலும் காற்றிலும். அவற்றுக்குக் கட்டிடம் என்ன பதில் சொல்கிறதோ அதுதான் வருகிறவரின் உடம்பில் படும்.

சூரியன் நிற்கும் இடம்

கன்னியாகுமரி பூமத்தியரேகையிலிருந்து 8 டிகிரி வடக்கே இருக்கிறது. இந்த ஒரு எண்ணிலிருந்து பாதி டிசைன் பிறந்துவிடும்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து வடக்கே சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும். டிசம்பர் 21 அன்று தெற்கே சுமார் 31 டிகிரி. அதிகபட்சச் சாய்வே அவ்வளவுதான். ஆக, வருஷம் முழுக்க நடுப்பகல் வெயிலை வாங்குவது சுவர் அல்ல, கூரை. குளிர் நாடுகளில் சுவரைப் பற்றியே பேசுவார்கள். நமக்குக் கூரைதான் வீடு. "கூரை வேய்ந்தாச்சா" என்று கேட்ட நம் பெரியவர்கள் விஷயம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

சுவருக்கு வருவோம். இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, 3 அடி இருக்கிறது என்று வையுங்கள். டிசம்பர் நடுப்பகலில் தெற்குச் சுவரில் அது கிட்டத்தட்ட 5 அடி உயரத்துக்கு நிழல் போடும். ஜூன் நடுப்பகலில் வடக்குச் சுவரில் 11 அடி, அதாவது சுவர் முழுவதும் நிழல். மூன்றே அடி நீட்டலுக்கு இவ்வளவு லாபம்.

ஆனால் மேற்குச் சுவரில் இந்தக் கணக்கு உடைந்துபோகும். மார்ச் மாதம் மாலை 4 மணிக்கு அதே 3 அடி இறவாரம் மேற்குச் சுவரில் 2 அடிதான் நிழல் தரும். 5 மணிக்கு ஒரே ஒரு அடி. சூரியன் கீழே இறங்கி நேராக அறைக்குள் பார்க்கும். அண்ணனின் பிளானில் அந்த இடத்தில்தான் கண்ணாடி. வெயிலின் வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். சூடான தரையும் கட்டிலும் திருப்பி வீசும் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. வெயிலில் நிறுத்தி வைத்த கார் மாதிரி. அஸ்தமனம் பார்க்க வந்தவர் 4 மணிக்குத் திரையை இழுத்து மூடுவார். கடலுக்காகப் போட்ட கண்ணாடி, கடல் பார்க்க வேண்டிய நேரத்தில் திரைக்குப் பின்னால் கிடக்கும்.

மேற்குக்கு இறவாரம் போதாது; ஆழம் வேண்டும். எட்டோ பத்தோ அடி அகலத் திண்ணை, அதன் வெளி விளிம்பில் இறக்கி ஏற்றுகிற தட்டி, அதற்கும் முன்னால் மரம். நிழலுக்குப் பின்னால் இருந்து கடலைப் பார்க்க வேண்டும். அறையின் கண்ணாடிக்குள் அடைபட்டு அஸ்தமனம் பார்ப்பதைவிட, காற்று முகத்தில் அடிக்கத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் கூடுதலாகக் காசு கொடுப்பான். இதை அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். அவர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் இடம் கிடைக்காது.

இரண்டு கூரை

இரவு ஒன்பது மணிக்கு, மேல்மாடி அறையில் ஏணி வைத்து ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சித்திரை மாதமென்றால் இன்னும் சூடு இருக்கும், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பானை மாதிரி. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. குடித்ததை மெதுவாகக் கீழே விடுகிறது. மேல்பக்கம் வாங்கிய சூடு அடிப்பக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். நாம் படுக்கப் போகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். ஃபேன் போட்டால் அனல் அடிக்கிறது என்கிறோமே, அது ஃபேனின் குற்றமில்லை. மேலே தேங்கிய சூட்டை அது கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ஓடு வேறு மாதிரி. மெல்லியது. சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் கை வைத்தால் குளிர்ந்திருக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்துகள் வழியே சூடான காற்று தானாக வெளியேறும். நாம் மங்களூர் ஓடு என்று சொல்வது 1860களில் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வழியாக மேற்குக் கடற்கரை எங்கும் பரவியது. அதற்கு முன் குயவர் செய்த நாட்டு ஓடும், ஓலையும். வடிவம் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

ஓடு மட்டும் போட்டாலும் உச்சி வெயிலில் கீழே காந்தும். அதனால்தான் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டுக்குக் கீழே மரத்தால் மச்சு அடித்தார்கள். மேல் கூரை வெயிலை வாங்கும். இடையில் காற்று நிற்கும். கீழ்க் கூரைக்குச் சூடு வந்து சேராது. வாழைக்குலையையும் புளிப்பானையையும் அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு கூரை என்ற இந்த யோசனைதான் வெப்பமண்டலக் கட்டிடக்கலையின் பாதி.

இன்றைக்கும் அது நம் கண்ணெதிரே இருக்கிறது. மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை பஸ்ஸில் போகும்போது பாருங்கள், எத்தனை வீடுகளில் தட்டட்டிக்கு மேலே இரும்பு டிரஸ் அடித்து ஓடோ ஷீட்டோ போட்டிருக்கிறார்கள். மழை ஒழுகாமல் இருக்கத்தான் போட்டார்கள். வெயிலுக்கும் அது மருந்தாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு கூரைக்கும் இடையில் காற்று ஓட வேண்டும். இருபுறமும் முக்கோணச் சுவரை அடைத்துவிட்டால் நடுவில் ஒரு அடுப்பைக் கட்டியதாக ஆகிவிடும். அந்த முக்கோணத்தில் மர அழியோ (இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள்), ஓட்டை வைத்த செங்கல் கட்டோ போட்டுத் திறந்து விடுங்கள். பறவை புகாமல் உள்ளே ஒரு வலை.

காற்றுக்கு வழி

வறண்ட ஊரில் வெயில்தான் எதிரி. நம் ஊரில் புழுக்கம். உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் தோலிலேயே நிற்கும். அந்த ஈரக்காற்றை நகர்த்தி வேறு காற்றைக் கொண்டுவருவது ஒன்றுதான் வழி. மெல்லிய காற்று, மரத்தின் இலை அசைகிற அளவு, உடம்பில் பட்டால் வெப்பம் சுமார் 3 டிகிரி குறைந்த மாதிரி தெரியும். வெப்பமானியில் எண் மாறியிருக்காது. உடம்புக்கு மாறியிருக்கும்.

காற்று அறைக்குள் வர வேண்டுமென்றால் வெளியே போகவும் ஒரு வாசல் வேண்டும். ஒரு முனை அடைபட்ட குழலில் எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. அண்ணனின் பிளானில் ஒவ்வொரு அறையும் அப்படி அடைபட்ட குழல். ஒரு பக்கம் ஜன்னல். எதிர்ப்பக்கம் நடையைப் பார்த்த கதவு, அதுவும் பூட்டியது. நடுவில் நடை விட்டு இருபுறமும் அறை வைக்கும் இந்த முறை இடத்தைச் சிக்கனப்படுத்தும், அதை மறுக்க முடியாது. ஒரு நடை பன்னிரண்டு அறைக்குப் பயன்படுகிறது. ஆனால் அந்த நடையில் பகலிலும் லைட் எரிய வேண்டும். எல்லா அறையிலும் இருபத்திநாலு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்காத ஒரு மதியம் அப்படிப்பட்ட லாட்ஜ் அறையில் நான் மாட்டியிருக்கிறேன். இருபது நிமிஷத்தில் தங்கியிருந்த எல்லாரும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டோம். எதிரே ஓலைக் கொட்டகைப் போட்ட டீக்கடையில் ஒருவர் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாற்று வழி எளிது: அறைகள் ஒரே வரிசை. ஒரு பக்கம் நடை, அதுவும் சுவர் இல்லாத திறந்த தாழ்வாரம். மறுபக்கம் திண்ணை. அறைக்கு இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு. ஒன்றை கட்டில் மட்டத்தில் தாழ்வாக வையுங்கள். எதிர்த்தாற்போல் தாழ்வாரப் பக்கத்தில் உயரத்தில் ஒரு நீளத் திறப்பு. யாரும் எட்டிப்பார்க்க முடியாத உயரம் என்பதால் இரவிலும் திறந்து வைக்கலாம். கொசுவலைச் சட்டம் கட்டாயம். அதை மறந்தால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண். விருந்தாளி முதல் இரவே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஏசியைப் போடுவார்.

எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக் கடலோர மக்களைக் கேளுங்கள். காற்றுக்குத் திசை வாரியாகப் பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள்: மேற்கேயிருந்து கச்சான், கிழக்கேயிருந்து கொண்டல், வடக்கேயிருந்து வாடை. ஆனி ஆடியில் கச்சான் சாரலோடு வரும். அப்போது மேற்கு ஜன்னலைத் திறந்தால் மெத்தை நனையும். ஐப்பசியில் மழை எதிர்த் திசையிலிருந்து வரும். குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும். சென்னைக்காரருக்கு ஒரு பக்கம் காத்தால் போதும், நமக்கு நாலு பக்கமும் இறவாரம் வேண்டும். சாய்த்து வைத்த மரப்பட்டைகள் கொண்ட ஜன்னல் இங்கே தெய்வம் கொடுத்த மாதிரி. சாரல் பட்டையில் பட்டு வெளியே வழியும், காற்று இடைவெளி வழியே உள்ளே வரும்.

ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரையில் தங்க வருகிறவர் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். படுக்கையறைக்கு மட்டும் கொடுங்கள். வரவேற்பு, சாப்பாட்டு இடம், நடை எல்லாம் திறந்தவெளியாக இருக்கட்டும். நல்ல கூரைக்குக் கீழே இருக்கும் அறைக்குச் சின்ன ஏசி போதும். மார்கழியில் அதையும் யாரும் தொடமாட்டார்கள்.

கறுத்த தரை, கோடு விழும் வெளிச்சம்

இதையெல்லாம் காகிதத்தில் விளக்குவதைவிட ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது சுலபம். மறுநாள் அண்ணனைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். (திங்கட்கிழமை விடுமுறை.) 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான். அரண்மனையின் தொடக்கம் 1601 என்று சொல்லப்படுகிறது. இன்று நாம் பார்க்கும் உருவத்தின் பெரும்பகுதி 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அது நல்லது, கட்டிடத்தை உள்ளங்காலால் படிக்க வேண்டும். மணல் சுட்ட முற்றத்திலிருந்து உள்ளே கால் வைத்ததும் அண்ணன் நின்றுவிட்டார். தரை அவ்வளவு குளிர்ச்சி. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அவ்வளவு கறுப்புத் தரை வெயிலில் கிடந்தால் கால் வைக்க முடியாது. இங்கே ஒருபோதும் வெயில் படுவதில்லை, அதனால் குளிர்ச்சியாக இருக்கிறது. ரகசியம் சிரட்டையில் இல்லை, நிழலில் இருக்கிறது.

மாடியில் மந்திரசாலை. ராஜா ஆலோசனை நடத்திய அறை. அங்கே சுவர் என்று சொல்ல அதிகம் இல்லை; சாய்வான மரச்சட்டங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சந்து. வெளிச்சம் கறுத்த தரையில் கோடுகோடாக விழுகிறது. அண்ணன் ஒரு சந்தில் முகத்தை வைத்துக் கீழே முற்றத்தைப் பார்த்தார். முற்றத்தில் நின்றவர்களுக்கு அவர் தெரியவில்லை. அந்தச் சந்தில் கையை நீட்டினால் காற்று நுழைவது விரல்களுக்கிடையே தெரியும். வெளியே மெல்ல அசைந்த காற்று, சந்தில் நுழையும்போது வேகம் பிடிக்கிறது. அகலமான வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் தண்ணீர் பாய்வதைப் போல.

காற்று, மறைப்பு, மழைத் தடுப்பு, வெளிச்சம் நாலையும் ஒரே மரச்சட்டம் பார்த்துக்கொள்கிறது. இன்றைக்கு நாம் அதற்கு நாலு சாமான் வாங்குகிறோம்: கண்ணாடி, திரை, ஷட்டர், ஏசி.

முற்றங்களையும் பார்த்தோம். நம் நாலுகட்டு வீடுகளில் இருப்பதுபோல் நடுவே வானத்துக்குத் திறந்த இடம். பகலில் சூடான காற்று அதன் வழியே மேலே ஏறும். சுற்றியுள்ள அறைகளிலிருந்து வேறு காற்று அந்த இடத்துக்கு இழுபடும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகக் கீழே இறங்கித் தங்கும். புதிதாகக் கட்டும் ஹோட்டல்களில் முற்றம் வைத்துவிட்டு, மழைக்குப் பயந்து அதன் தலையில் கண்ணாடியைப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. மேலே போக வேண்டிய சூட்டுக்கு மூடி போட்டாகிவிட்டது. மழை உள்ளே பெய்யட்டும். நாலுபுறமும் இறவாரத்தை நீட்டி, தரையைத் தாழ்த்தி, தண்ணீர் போக நல்ல வடிகால் வைத்தால் போதும். முற்றத்தில் மழை பெய்வதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்ப்பது, நாம் விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடிய மிகப்பெரிய காட்சி.

ஒரே மாவட்டம், மூன்று ஹோட்டல்

குமரி மாவட்டம் சின்னது. ஒரு நாளில் சுற்றிவிடலாம். ஆனால் ஒரே பிளானை எல்லா இடத்திலும் போட முடியாது.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மலைகளுக்கிடையே கணவாய். மேற்கிலிருந்து வரும் காற்று அங்கே ஒடுங்கிப் பாய்கிறது; முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கு அதுதான் காரணம். அங்கே காற்றைத் தேட வேண்டாம், தடுக்க வேண்டும். மேற்குச் சுவரில் சின்னத் திறப்புகள், கட்டிடத்துக்கு நடுவே முற்றம், காற்றின் பக்கம் அடர்த்தியாக மரவரிசை. பனைமரம் அதைத் தாங்கும்.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் காடும் மலையும். மழை அதிகம், காற்று குறைவு, ஈரம் போகாது. கூரையின் சாய்வைக் கூட்ட வேண்டும். தரை மட்டத்தைத் தூக்க வேண்டும். தூண்களின் மேல் நிற்கிற மாதிரி கட்டினால் அடியிலும் காற்று ஓடும், மழைத் தண்ணீரும் தன் வழியில் போகும். மலைச்சரிவை வெட்டிச் சமதளமாக்கிக் கட்டுவதை நான் எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெட்டிய மண் ஒரு ஐப்பசியில் தன் இடத்தைத் திரும்பக் கேட்கும். அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். எனவே கதவுக்குப் பதில் அழி வைத்த அலமாரி. கரையான் வராத மரம் வேண்டும்: முற்றிய பலா, அயனி, தேக்கு.

முட்டம் மூன்றாவது வகை. அங்கே விஷயம் உப்பு.

கடலோரத்தில் பத்து வருஷமான கட்டிடத்தின் பால்கனி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிமெண்ட் பொரிந்து உதிர்ந்து, உள்ளே கம்பி செந்நிறமாகத் தெரியும். உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியே கம்பியை எட்டுகிறது. இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு கூடும். வீங்கிய துரு சிமெண்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. இதைத் தடுக்கக் கம்பிக்கு மேல் சிமெண்ட் உறை தடிமனாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் உறை கேட்கிறது. கடலோரக் காற்றுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர், அதோடு எம்30 தரக் கலவை. வேலை நடக்கும்போது கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே அளந்து பாருங்கள். கான்கிரீட் போட்டபின் பார்க்க முடியாது.

கீல், தாழ்ப்பாள், திருகு எல்லாம் பித்தளை அல்லது நல்ல தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்புக் கீல் இரண்டு மழைக்காலம் தாங்காது. உண்மையில் கடலோரத்தில் இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆயுள். சுமை தாங்கும் கல் சுவரும் மரக் கூரையும் நம் முன்னோர் வைத்தது வெறும் பழக்கத்தால் அல்ல.

காற்றையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து கிடந்த ரோடுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. புயல் கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சிப் பிடுங்குகிறது. அதனால் நீளமான இறவாரத்துக்குக் கீழிருந்து முட்டு கொடுக்க வேண்டும். கூரைச் சட்டத்தைச் சுவரின் மேல் ஓடும் கான்கிரீட் பெல்ட்டோடு போல்ட் போட்டுக் கட்ட வேண்டும். ஆணி மட்டும் அடித்துவிட்டுப் போகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். அதோடு, பிளான் போடுவதற்கு முன்பே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்று அளந்து வாங்கிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல் கரையில் நின்றவர்களுக்கு அந்த விதி எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

அக்கம்பக்கத்து ஆசான்கள்

இந்த வேலையைப் பெரிதாகச் செய்து காட்டியவர்கள் நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003) வக்கீலாக இருந்து 38 வயதில் கட்டிடக்கலைஞர் ஆனவர். பென்தோட்டைக் கடற்கரையில் 1960களின் இறுதியில் அவர் கட்டிய ஹோட்டலில் நடுவே குளம் வைத்த முற்றம். தம்புள்ளைக்கு அருகே 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலில் மலைப்பாறையோடு ஒட்டி நீளும் கட்டிடத்தைச் செடிகொடிகள் மூடியிருக்கும். மரத்தை வெட்டாமல் கட்டிடத்தை வளைப்பது அவர் வழி.

இன்னொருவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். குறைந்த செலவில் கட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தில் அவர் பரப்பிய இரண்டு முறைகள் நம் ஊர்க் கொத்தனார்கள் பலருக்குத் தெரியும். ஒன்று எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டுவது. சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கும்; செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம்; அந்த வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். மற்றது ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தட்டின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு நடுவே உள்ள கான்கிரீட் சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளை வைத்து நிரப்பினால் கான்கிரீட் குறையும், கனம் குறையும், ஓட்டுக்குள் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். கீழிருந்து பார்த்தால் சீலிங்கில் ஓடுகள் வரிசையாகத் தெரியும். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

நீச்சல்குளம், விளக்கு, சோபா பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. குளத்தை மரநிழலில் வைக்காதீர்கள், சருகு வாரியே ஒரு ஆள் தேய்ந்துபோவார். விளக்கை மங்கலாக வையுங்கள்.

அண்ணனின் பிளான் மூன்று முறை மாறியது. இப்போது பன்னிரண்டு அறை இல்லை, ஒன்பது. ஒரே வரிசையாக, தெற்கு வடக்காகத் திறந்து, மேற்கு முனையில் ஒரு பெரிய திண்ணை. மூன்று அறை போனதில் அண்ணிக்கு வருத்தம்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நடையில் லைட்டும் ஏசியும் ஓடாமல் மாதம் எவ்வளவு கரண்ட் பில் மிச்சமாகும் என்று அவர்களே உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் சமாதானம்.

தோப்பின் நடுவில் ஒரு பழைய அயனி மரம். முதல் பிளானில் அது வரவேற்பறை வரும் இடத்தில் நின்றதால் வெட்டுவதாக இருந்தது. போன வாரம் ஆசாரியும் நானும் போய், அதன் அடியைச் சுற்றிக் கயிறு கட்டி, கிளை நிழல் உச்சி வெயிலில் எங்கே விழுகிறது, நாலு மணிக்கு எங்கே விழுகிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தோம். நாலு மணிக் கோட்டுக்குள்தான் திண்ணை வரப் போகிறது.